பாவாவுக்கு ஒரு கட்டம்

ஹைதராபாத்
9-1-1972

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இளங்கோவன் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். நீயும் பாவாவும் எப்படி இருக்கிறீர்கள்? ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது பெட்டியின் பூட்டு உடைந்துபோனது. உள்ளே இருந்தது எதுவும் போகவில்லை.

பயிற்சி நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் பாறைகள். நம் மலை மாதிரி இல்லை. யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டு, திரும்ப எடுத்துப்போக மறந்த மாதிரி.

சிறுதொழில் முதலாளிகள் முப்பத்திரண்டு பேர் படிக்கிறோம். சிலோன், கென்யா, தான்சானியாவிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். என் அறையில் ஜோசப் என்று ஒரு தான்சானியாக்காரர். சோப்புக் கம்பெனி வைத்திருக்கிறார். காலையில் வெகுநேரம் பேசமாட்டார். அது எனக்கு வசதியாக இருக்கிறது. பொதட்டூர்பேட்டைக் கஜபதியும் வந்திருக்கிறார். லுங்கி வியாபாரம் செய்கிறாரே, அவர்தான். அவர் பேசாத நேரமே இல்லை.

இங்கே என்னையும் முதலாளி என்கிறார்கள். நைனா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சோடா கம்பெனி லைசென்ஸில் பெயர் மாறியதோடு சரி என்று நினைத்திருந்தேன். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன ஆடிக் கிருத்திகையன்று மத்தியானத்திலேயே நம் சோடா தீர்ந்து, பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர்கள் வாசலில் வந்து கத்தினார்களே, அதைத்தான் தினமும் நினைக்கிறேன். இந்த வருஷமும் அப்படி நடந்தால் அந்தக் கடைகளெல்லாம் மெட்ராஸ் கம்பெனி ஏஜெண்டுக்குப் போய்விடும். அதற்கு வழி தெரிந்துகொண்டு வருவேன்.

பாவாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
இளங்கோவன்


திருத்தணி
19-1-1972

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா பத்மா ஆசீர்வதித்து எழுதியது. முருகன் புண்ணியத்தில் நாங்கள் சௌக்கியம். அங்கே குளிர் அதிகமா? போர்வை போதுமா?

பொங்கலுக்கு நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருந்தது. பாவா மாட்டுக்கு வைப்பதுபோல் உன் இலையில் பொங்கல் வைத்து, "மொதலாளி வந்து துண்ணட்டும்" என்றார். ஊரில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. "என் மச்சான் ஐதராபாத்துல படிச்சிகினு இருக்கான். திரும்பி வந்தான்னா, சோடாவுல தண்ணி ஜாஸ்தியா இருக்குதுன்னு நம்மகிட்டயே சொல்லுவான் பாரு" என்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார்.

போன வாரம் அவருடைய பெரியப்பா காரியத்துக்கு இரண்டு நாள் போய்விட்டார். சோடா நிரப்பும் மிஷின் நின்றது. பாட்டில் கழுவும் ஜெயம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். அவர்தான் சக்கரத்தை வேறு யாரையும் தொடவிட மாட்டாரே.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

அக்கா பத்மா


ஹைதராபாத்
2-2-1972

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளிர் பரவாயில்லை. அங்கே அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

இந்த வாரம் ஒவ்வொருவரும் தன் கம்பெனியைப் படமாகப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டம். யாருக்குக் கீழே யார், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கோடு இழுக்க வேண்டும். மேலே என் பெயரை எழுதினேன். கீழே ஜெயம்மா, வண்டிக்காரர். அதற்குப் பிறகு பேனா நின்றுவிட்டது.

பாவாவை எங்கே எழுதுவது? பங்குதாரர் என்றால் பத்திரம் இல்லை. மேனேஜர் என்றால் சம்பளம் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்பதற்கு அவர்கள் கொடுத்த தாளில் கட்டமே இல்லை. ஆசிரியர் சாமிநாதன் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மனிதர். "அவர் என்ன வேலை செய்கிறாரோ அதை எழுதுங்கள், போதும்" என்றார்.

ஒன்று கேட்க வேண்டும். நைனா பாவாவை அழைத்து வந்தபோது எனக்கு எட்டு வயது. அப்போது அவருக்கு என்ன சொல்லி அழைத்து வந்தார்? உனக்குத் தெரியுமா?

இளங்கோவன்


திருத்தணி
12-2-1972

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதியது. நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் யோசித்து எழுத நாளாகிவிட்டது.

பெண் பார்க்கப் பாவா வீட்டார் வரவில்லை. நைனாதான் அவர்கள் வீட்டுக்குப் போனார். பாவாவின் அம்மாவிடம், "எங்கூட்டுக்கே அனுப்பிடுங்க. கம்பெனி அவருதுமாதிரிதான்" என்றாராம். கல்யாணமாகி வந்த மறுநாள் காலை பாவா குளித்துவிட்டு நேராகச் சக்கரத்தடிக்குப் போய்விட்டார். அன்றைக்குப் போனவர்தான். செலவுக்கு வேண்டுமென்றால் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வார். எடுத்ததை நைனாவிடம் சொல்லிவிடுவார். நைனா தலையாட்டுவார். அதற்குமேல் பேச்சு இல்லை. எங்களுக்குக் குழந்தை பிறந்திருந்தால் யாராவது பேசியிருப்பார்கள். பிறக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை.

இதையெல்லாம் அங்கே ஏன் கேட்கிறார்கள்?

பத்மா


ஹைதராபாத்
20-2-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நேற்று வகுப்பில் ஒரு கம்பெனியின் கதையை எடுத்துக்கொண்டு எல்லோரும் பேசினோம். நம்முடையதுதான். பெயர்களை எழுதவில்லை, முதலெழுத்து மட்டும்தான். கிருத்திகையன்று சரக்கு ஏன் தீர்ந்தது என்பது கேள்வி. பலர் பலவிதமாகச் சொன்னார்கள். பாட்டில் போதாது, வண்டி போதாது என்றார்கள். கடைசியில் சக்கரத்தடிக்கு வந்து நின்றார்கள். ஒரே ஆள் நிரப்புகிறார், அவர் எழுந்தால் கம்பெனி நிற்கிறது, அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை, சம்பளமும் வாங்குவதில்லை. இது உண்மைதானே.

நான் தயங்கினேன். சாமிநாதன் சார் சொன்னார், "உங்கள் கம்பெனி என்று நினைக்காதீர்கள். காகிதத்தில் இருக்கும் ஒரு கம்பெனி என்று நினையுங்கள்."

நினைத்தேன்.

ஜோசப் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அந்த மனிதர் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று. எல்லோரும் சிரித்தார்கள். மணியடித்துவிட்டது.

சக்கரத்துக்கு இரண்டு பேர் வேண்டும், பாவாவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும். எனக்குப் புரிந்தது அதுதான். வந்து பேசிக்கொள்ளலாம்.

தன் தங்கையின் கல்யாணத்துக்குக் கஜபதி ஊருக்கு வருகிறார். ஏதாவது கொடுத்தனுப்புவதென்றால் அவரிடம் கொடு. அவர் சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சும்மா பேசிக்கொண்டே இருப்பார்.

இளங்கோவன்


திருத்தணி
4-3-1972

தம்பிக்கு,

இங்கே நலம். கஜபதி வந்தார். முறுக்கும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலை ஒழுங்காக நடக்கிறது. பாவா இப்போது மத்தியானச் சாப்பாட்டைக் கம்பெனியிலேயே சாப்பிடுகிறார். தூக்கில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

பத்மா


ஹைதராபாத்
12-3-1972

அன்புள்ள அக்காவுக்கு,

முறுக்கு வந்தது. ஜோசப்புக்கும் கொடுத்தேன். உன் உடம்பு நன்றாக இருக்கிறதா? கடிதம் இவ்வளவு சிறியதாக நீ எழுதியதில்லை.

வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஒரு முற்றம்தானே இருக்கிறது. தூக்குப் பாத்திரம் எதற்கு?

கஜபதி திரும்பி வந்ததிலிருந்து என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. நேற்று நானே போய்க் கேட்டேன். "உங்க பாவாவைப் பாத்தேன். நல்லாகீறாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கஜபதி இரண்டு வாக்கியத்தில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

என்ன நடந்தது, எழுது.

இளங்கோவன்


திருத்தணி
22-3-1972

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். பாவா வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தங்கவேல் கடைக்குப் பாவா சரக்கு இறக்கப் போயிருக்கிறார். கஜபதி அங்கே உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாராம். தங்கவேல் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா துளசிங்கம், இன்னும் வேலையிலதான் கீறியா? உன்னத்தான் ஐதராபாத்துல தூக்கிட்டாங்களே!"

"யாருப்பா தூக்கனது?"

"கிளாஸே தூக்கிச்சு. வாத்தியார் கேட்டாரு, இந்த ஆள எடுத்துடலாமா, இன்னா சொல்றீங்கன்னு. அல்லாரும் கைய தூக்கிட்டாங்க. ஆப்பிரிக்காகாரன் ஒருத்தன்தான் கம்முனு ஒக்காந்துகினு இருந்தான்."

"எந்த வேலயிலருந்து எடுத்தாங்க?"

"பாட்டில் ரொப்பற ஆளு. படத்துல கட்டம் கட்டி எழுதிகீது. ஜெயம்மாவுக்கு மேல் கட்டம்."

"மேலதானே? அப்ப சரி" என்றாராம் பாவா. கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள். அவரும் சிரித்தாராம். காலிப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் எழுந்து, தெருப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், ஜெயம்மா வரும் சின்ன கேட் வழியாகக் கம்பெனிக்குள் போனார். முற்றத்தின் வழியே போகவில்லை. மத்தியானம் கூப்பிட்டேன், வரவில்லை. தகரக் கொட்டகையில் ஜெயம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவள் பாவம், எழுந்து நின்றுகொண்டே தின்றாள். சனிக்கிழமை நான் கூலி கொடுக்கும்போது அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இன்னாங்க இது?" என்றேன். "கூலிம்மா" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்கிறார். முதல் நாள் விளையாடுகிறார் என்று சிரித்தேன். தினமும் கேட்கிறார். தினமும் நான், "ஆங், வாங்க" என்கிறேன்.

கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. அல்லாரும் என்று கஜபதி சொன்னபோது, அல்லாரும்னா யார் யாரு என்று அவர் கேட்கவில்லையாம்.

பத்மா


திருத்தணி
28-3-1972

உயர்திரு முதலாளி இளங்கோவன் அவர்களுக்கு,

தங்கள் கம்பெனியில் பாட்டில் நிரப்பும் துளசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

வருகிற ஏப்ரல் முப்பதாம் தேதியோடு என்னை வேலையிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். அதன்படி சொல்லியிருக்கிறேன். ஜெயம்மாவுக்கும் வண்டிக்காரருக்கும் சக்கரம் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் போவதால் மிஷின் நிற்காது.

எனக்கு முன்னால் இந்தக் கம்பெனியில் யாரும் ராஜினாமா எழுதியதில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் வீட்டில் இருக்கும் என் துணிமணிகளை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். பத்மாவை அழைத்துப்போக அனுமதி கேட்க வேண்டுமா என்று மனு எழுதுகிறவரைக் கேட்டேன். அது ஆபீஸ் விஷயம் இல்லை, எழுதக்கூடாது என்றார். ஆகையால் எழுதவில்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
துளசிங்கம்


ஹைதராபாத்
4-4-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

பாவாவின் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள பாவா' என்று எழுதினேன். அவர் முதலாளிக்கு எழுதியிருக்கிறார். பாவாவுக்கு எழுதினால் அவருக்குப் போய்ச் சேருமா? தாளை மடித்து வைத்துவிட்டேன்.

பதினைந்தாம் தேதி சர்டிபிகேட் கொடுக்கிறார்கள். வாங்கியதும் வண்டி ஏறிவிடுவேன். அதுவரை அவரைப் போகவிடாதே. நேரில் எல்லாம் சரியாகிவிடும்.

இளங்கோவன்


திருத்தணி
25-6-1972

அன்புள்ள அக்காவுக்கு,

இளங்கோவன் எழுதுவது. சித்தூரில் வீடு பிடித்திருக்கிறதா? தண்ணீர் ஒத்துக்கொண்டதா? போனதிலிருந்து உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை.

நேரில் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தேன். நான் ஊருக்கு வந்து இறங்கிய அன்று பாவா, "வாங்க" என்றார். நீங்கள் கிளம்பிய நாள்வரை அந்த 'வாங்க'தான். பழைய 'இன்னாடா மச்சான்' ஒருமுறைகூட வரவில்லை. சக்கரத்தடியில் போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் நின்றதும் அவரும் எழுந்து நின்றுவிட்டார். முதலாளி நிற்கும்போது உட்கார்ந்து வேலை செய்யக்கூடாதாம். அவரை உட்காரவைக்க நான் விலகிப்போக வேண்டியிருந்தது. அப்படியே தினமும் விலகிப்போனேன்.

இப்போது ஜெயம்மாவும் வண்டிக்காரரும் மாறிமாறி நிரப்புகிறார்கள். மிஷின் நிற்பதில்லை. போன வருஷத்தைவிடச் சரக்கு அதிகம். தங்கவேல் கடையில் மெட்ராஸ்காரனின் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. ஆனாலும் நம் பெட்டிகளை எடுக்கச் சொல்லவில்லை. சாமிநாதன் சார் சொன்னதெல்லாம் சரியாக நடக்கிறது. தப்பாகப் போயிருந்தால் அதைச் சொல்லியே பாவாவைக் கூப்பிட வந்திருப்பேன்.

வக்கீலிடம் பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் பாவாவுக்குச் சரிபாதி. நைனா வாயால் சொன்னதை நான் எழுத்தில் கொடுக்கிறேன். படத்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில்.

கிருத்திகை வருகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அவரிடம் நீ சொல்.

இளங்கோவன்


சித்தூர்
20-7-1972

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா ஆசீர்வதித்து எழுதியது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடையில் சாப்பிட்டால் உனக்கு வயிறு கெட்டுவிடும். ஜெயம்மாவிடம் சொன்னால் ரசமாவது வைத்துத் தருவாள்.

வீடு சின்னது. பக்கத்து வீட்டில் கௌரியம்மாள் என்று ஒரு அம்மா நல்ல பழக்கம். தெலுங்கிலேயே எல்லாம் நடக்கிறது. பாவா வேலை செய்கிற சோடா கம்பெனி இரண்டு தெரு தள்ளி. முதலாளி ஒரு நாயுடு. கத்துவார் என்று கேள்வி. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கை கழுவிக்கொண்டு வந்துவிடுகிறார்.

உனக்கு ஒன்று எழுதவேண்டும் என்று பல நாள் எடுத்து எடுத்து வைத்தேன். அதனால்தான் கார்டுகூடப் போடவில்லை. அவர் சாயங்காலம் வரும்போது விசில் அடித்துக்கொண்டு வருகிறார். நம் வீட்டில் பதினாறு வருஷம் இருந்தார். சிரித்தார், கேலி பேசினார், நீயும் பார்த்திருக்கிறாய். விசில் அடித்து நான் கேட்டதில்லை. அவருக்கு அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. முதல் நாள் யாரோ தெருவில் போகிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இதற்காக உன்மேல் கோபப்படுவதா, நைனாமேல் படுவதா, என்மேலேயா என்று தெரியவில்லை.

பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெற்றிலை மடித்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பங்குன்னா திரும்பவும் அந்த வூட்டுக்குள்ள போவணும் பத்மா. சம்பளம்னா சாயங்காலம் வெளிய வந்துடலாம்." கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலை மடிக்கிற குரலில்தான் சொன்னார்.

பத்திரம் வேண்டாம். எழுதியிருந்தால் உன்னிடமே இருக்கட்டும்.

வகுப்பில் நடந்ததை நீயாக இதுவரை எதிலும் எழுதவில்லை. கஜபதி சொன்னதற்கு மாறாகவும் எழுதவில்லை. அன்றைக்கு உன் கையும் மேலே போனதா என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய்.

கிருத்திகைக்கு நாயுடுவிடம் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டார். காவடிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்கு இரண்டு பேர் போதாது, இன்னொரு ஆள் வேண்டும் என்கிறார். வருகிறார். உன் வீட்டுக்கு இல்லை, வேலைக்கு. கூலி எவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொண்டுதான் வருவாராம். அதைக் கேட்டு எழுதச் சொன்னதால்தான் இந்தக் கடிதமே.

மற்ற ஆட்களுக்கு அன்றைக்கு என்ன கொடுப்பாயோ அதையே எழுது. கூட்டி எழுதாதே தம்பி. கூட்டினால் வரமாட்டார்.

உன் அக்கா,
பத்மா